உபுண்டு ஸ்டுடியோ 24.04: பாட்டுப் பதிவுக்குத் தாராளமாக, அச்சு வேலைக்குச் சுற்றுவழியாக

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது இருக்க வேண்டும். கடலூரின் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரியின் நேரு வீதி, மிஷன் வீதி என்று எங்கே பார்த்தாலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 பெட்டிகள்தான். மதர்போர்டும் ராமும் நன்றாகவே இருக்கும் பெட்டியைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு ஸ்டுடியோ என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் எந்த வேலை நடக்கும், எது நடக்காது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

உபுண்டுவின் அதிகாரபூர்வக் கிளைகளில் ஒன்று இது. 2007 முதல் வருகிறது. ஓவியம், படம், அச்சு, வீடியோ, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கான கட்டற்ற மென்பொருள்களை மொத்தமாகச் சேர்த்தே தருகிறது. திரைமுகப்பு கேடிஇ பிளாஸ்மா, இடது மூலையில் மெனு உண்டு, பட்டை மட்டும் மேலே இருக்கும், அதனால் விண்டோஸ் பழகிய கைக்கு அதிகம் அந்நியமாகத் தெரியாது. 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தது. உபுண்டுவின் முதன்மைப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு, கிளைகளுக்கு மூன்றுதான். அதாவது இதற்கு 2027 ஏப்ரல் வரை. வாங்க வேண்டியது எதுவும் இல்லை, உரிம எண், சந்தா, கிராக் என்ற பேச்சும் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒலிப்பதிவுக்கு இது பிரமாதம். வரைவதற்கு நன்று. கல்யாண வீடியோவுக்குப் பொறுமை இருந்தால் போதும். அச்சுக்கு வழி இருக்கிறது, ஆனால் நேர்வழி இல்லை. பத்து வருடத்துக் கோரல்டிரா கோப்புகளும் பாமினி எழுத்துருவும் அலமாரி நிறைய வைத்திருக்கும் கடை, இருக்கும் எல்லாப் பெட்டிகளையும் ஒரேயடியாக மாற்றினால் மறுநாளே திண்டாடும்.

போட்டுப் பார்ப்பதற்கு

16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபியில் இடம் இடிக்கும். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற நிரலைக் கொண்டு உபுண்டு ஸ்டுடியோவின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு அமைப்பும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அதில் எழுதி, பெட்டியை அதிலிருந்து கிளப்பினால் வன்தட்டைத் தொடாமலே முழு அமைப்பும் திறக்கும். இந்த நிலையில் பார்க்க வேண்டியவை நான்கு: வைஃபை கிடைக்கிறதா, சவுண்ட் கார்டு தெரிகிறதா, பேனா டேப்லெட்டின் அழுத்தம் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் உணரப்படுகிறதா, பிரிண்டர் ஒரு தாளாவது அடிக்கிறதா. இந்த நான்கும் தேறினால்தான் நிறுவும் பேச்சு. பென்டிரைவில் ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போட வேண்டாம்.

நிறுவும்போது மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வன்தட்டுப் பூட்டு இருந்தால் அந்தப் பகுதியைச் சுருக்கி இடம் பிரிக்க நிறுவி மறுத்துவிடும். விண்டோஸுக்குள் போய் பூட்டை எடுத்துவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும். சில லேப்டாப்புகளில் வன்தட்டே கண்ணில் படாது. பயாஸில் (பெட்டி கிளம்பும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருப்பதே காரணம், அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். மூன்றாவது என்விடியா கார்டு. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும் பெட்டியில் என்விடியா டிரைவரைப் போடும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதே சொல்லை மறுபடி கேட்கும். பலரும் பயந்துபோய் 'தொடர்க' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிரைவர் ஏறாது, திரை தெளிவில்லாமலே கிடக்கும். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது 'என்ரோல் எம்ஓகே'.

ராம் 8 ஜிபி இருந்தால் படம், அச்சு, ஒலி எல்லாம் ஓடும். வீடியோவுக்கு 16 வேண்டும். பழைய பெட்டியில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான செலவு எஸ்எஸ்டி. சுழலும் வன்தட்டில் பிளாஸ்மாவை ஓட்டிவிட்டு லினக்ஸைத் திட்டுவது நியாயமில்லை. ஒலி மட்டும் போதும், மற்ற மூட்டை வேண்டாம் என்பவர்கள் பிளாஸ்மாவோடு வரும் இன்னொரு கிளையான குபுண்டுவைப் போட்டுவிட்டு அதற்குள் 'உபுண்டு ஸ்டுடியோ இன்ஸ்டாலர்' என்ற சிறு நிரலை நிறுவி, வேண்டிய தொகுப்பை மட்டும் டிக் செய்துகொள்ளலாம். இடம் மிச்சம், மெனுவும் சுத்தம்.

தமிழ் எழுத்து: இங்கேதான் பாதி வழக்கு

எந்த மென்பொருள் எத்தனை வசதி தருகிறது என்பது நம் ஊர்க் கடைக்கு இரண்டாம் கேள்விதான். தமிழ் சரியாக விழுகிறதா என்பதே முதல் கேள்வி.

தட்டச்சிலிருந்து தொடங்குவோம். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போனால் இந்தியா என்பதன் கீழ் தமிழ்நெட்99 பலகை இருக்கும். அதைச் சேர்த்து அடித்துப் பார்த்தவர்கள் 'தமிழ்99 சரியில்லை' என்பார்கள். அந்தப் பலகையால் முன்னால் அடித்த எழுத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, அதனால் தானாகப் புள்ளி விழும் தமிழ்99 விதிகள் அதில் வேலை செய்யாது. முழு விதிகளும் வேண்டும் என்றால் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு உள்ளீட்டுத் தொகுப்பு தேவை. கூடவே வரும் டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையில் தேடினால் அது கண்ணில் படாது. சினாப்டிக் என்ற தொகுப்பு நிறுவியைப் போட்டு அதில் தேடிப் போடுங்கள். பிறகு உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 சேர்க்க வேண்டும். பழைய தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக் கைகளுக்கு டைப்ரைட்டர் பலகையும் அதே பட்டியலில் இருக்கிறது.

அடித்த எழுத்தைக் காட்டுவதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு. கோட்டு வடிவமைப்புக்கான இன்க்ஸ்கேப், படத் திருத்தத்துக்கான ஜிம்ப் இரண்டிலும் யூனிகோட் தமிழ் பிசகாமல் வரும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் 1.5 வரிசைக்கு முன்பு தமிழில் உதவாத பொருளாக இருந்தது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் பொறி வந்தபின் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காருகின்றன. வீடியோ எடிட்டிங்குக்கான கேடென்லைவின் தலைப்பு எழுதும் பகுதியிலும் சிக்கல் இல்லை. கிரிட்டா 5.2-இல் எழுத்தைத் தனிப் பெட்டி திறந்து அடிக்க வேண்டியிருக்கிறது. அதில் எழுத்தே வைக்காதீர்கள், படத்தை முடித்துவிட்டு இன்க்ஸ்கேப்பில் எழுத்தைப் போடுங்கள். 3டி வேலைக்கான பிளெண்டர்தான் மோசம். 'கொ' என்று அடித்தால் ககரத்துக்கு இருபுறமும் பிரிந்து உட்கார வேண்டிய குறி ஒரே பக்கம் தொங்கும். 3டி தலைப்பு வேண்டும் என்றால் இன்க்ஸ்கேப்பில் எழுதி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வெறும் கோடாக்கி, எஸ்விஜியாகச் சேமித்து, பிளெண்டருக்குள் இறக்கிக் கனம் ஏற்ற வேண்டும். அரை நிமிட வேலைதான். கோடானபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் எழுத்தாக இருக்கும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள். இவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, எனவே எழுத்துரு கோப்பைப் போட்டுவிட்டால் லினக்ஸிலும் வேலை செய்யும். சில மிகப் பழைய கோப்புகள் மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆனால் புது வேலையையும் அதிலேயே தொடர்வது வீண். பாமினியில் அடித்த அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும், தேடவும் முடியாது. பழைய உரையை மாற்றுவதற்குப் பைதான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது, பாமினி உட்படப் பல குறியாக்கங்களை அது யூனிகோடுக்கு மாற்றித் தரும். தெரியாதவர்களுக்கு இணைய மாற்றிகள் போதும். எதில் மாற்றினாலும் எண்கள், அடைப்புக்குறி, மேற்கோள் குறி மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு யூனிகோடால் கூடுதல் லாபம். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே அட்டையில் வரும் அழைப்பிதழ்கள் அங்கே உண்டு. பாமினியில் வார்த்தைக்கு வார்த்தை எழுத்துரு மாற்ற வேண்டும். யூனிகோடில் ஒரே எழுத்துரு போதும், ஆனால் அந்த எழுத்துருவுக்குள் மூன்றும் இருக்க வேண்டும். மற்ற நிரல்கள், எழுத்துருவில் இல்லாத எழுத்தை வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டிவிடும். ஸ்கிரைபஸ் கடன் வாங்காது, வெறும் கட்டம் காட்டும். கட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி ஆகியவற்றில் தமிழோடு தலைக்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளும் இருக்கின்றன, மூன்றும் இலவசம். அந்தத் தலைக்குறிகளை அடிக்க கீபோர்டு அமைப்பின் மேம்பட்ட பகுதியில் ஏதாவது ஒரு விசையைக் கம்போஸ் விசையாக்கிக்கொண்டால் (எழுத்தையும் தலைக்குறியையும் சேர்த்துத் தரும் விசை) குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

குறை ஒன்று உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வேண்டிய தடித்த, வளைந்த, நிழல் விழுந்த தலைப்பு எழுத்துகள் யூனிகோடில் இன்னும் குறைவு. மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே பாலூ தம்பியைப் போட முடியாது அல்லவா.

அச்சுக்குப் போகும் பாதை

இன்க்ஸ்கேப் வெளியிடும் பிடிஎஃப் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில் இருக்கும். ஆப்செட்டுக்கு வேண்டியது சிஎம்ஒய்கே, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கலவை. ஜிம்ப் 2.10-இலும் சிஎம்ஒய்கே முறை கிடையாது, அச்சில் எப்படித் தெரியும் என்று திரையில் ஒத்திகை பார்க்க மட்டும் முடியும். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 இதில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 24.04-இன் மென்பொருள் களஞ்சியத்தில் அது இல்லை, ஃபிளாட்ஹப் என்ற வெளித் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆக, சிவகாசிக்கோ சென்னைக்கோ உள்ளூர் ஆப்செட்டுக்கோ கோப்பு அனுப்புபவர்களின் கடைசி நிறுத்தம் ஸ்கிரைபஸாகத்தான் இருக்கும்.

பாதை இப்படி. இன்க்ஸ்கேப்பில் வடிவமைத்து எழுத்துகளைக் கோடாக்குங்கள். மங்கல், நிழல் போன்ற விளைவுகளை ஸ்கிரைபஸ் ஏற்காது, அவற்றைத் தனியே 300 டிபிஐ பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரைபஸில் தாள் அளவோடு நாற்புறமும் 3 மிமீ பிளீட் (வெட்டுக்கு விடும் கூடுதல் ஓரம்) வைத்துப் புது ஆவணம் திறந்து, எஸ்விஜியை வெக்டர் கோப்பாக இறக்குங்கள். ஆவண அமைப்பில் கலர் மேனேஜ்மென்ட்டை இயக்கி, அச்சகம் சொல்லும் நிற ப்ரொஃபைலை வையுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் பூச்சுத்தாளுக்கு ஃபோக்ரா39. இதை இயக்காவிட்டால் அச்சகத்துக்கான பிடிஎஃப்/எக்ஸ் வகைகள் பட்டியலில் தேர்ந்தெடுக்க முடியாமல் மங்கிக் கிடக்கும், மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

இதில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கறுப்பு. இன்க்ஸ்கேப்பில் கறுப்பு என்பது ஆர்ஜிபி கறுப்பு. சிஎம்ஒய்கேக்கு மாறும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். நான்கு தகடுகளும் ஒரு மயிரிழை விலகினாலும் எட்டுப் புள்ளி தமிழ் எழுத்தின் சுழி அடைந்து, புள்ளி மங்கி, ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். எடிட் மெனுவில் 'ரீப்ளேஸ் கலர்ஸ்' திறந்து, இறக்கிய ஆர்ஜிபி கறுப்பை 0, 0, 0, 100 என்ற தனிக் கறுப்பாக மாற்றினால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பத்தி பத்தியாக வரும் உரையை இன்க்ஸ்கேப்பில் வைக்காமல் ஸ்கிரைபஸிலேயே அடித்தால் இந்த வேலையே இல்லை. அப்படி அடிக்கும்போது தமிழ்ப் பத்தியை இருபுறமும் சீராக இழுத்து நிறுத்த வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, குறுகிய பத்தியில் ஆற்று மணல் திட்டுகள் மாதிரி வெள்ளை விழும். இடப்பக்கம் ஒட்டி விடுவதே அழகு.

ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். 10க்கு 8 அடி பேனர், 72 டிபிஐ என்றால் 8640க்கு 6912 புள்ளிகள், ஒரு முழு அடுக்குக்கு ஏறத்தாழ 240 எம்பி. 8 ஜிபி ராமில் ஜிம்ப் இதைத் தாங்கும். ஜேபெக் கொடுத்தால் அச்சு இயந்திரத்தின் ரிப் மென்பொருளே நிறத்தை மாற்றிக்கொள்ளும். நிறம் கையில் இருக்க வேண்டும் என்பவர்கள் கிரிட்டாவில் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே ஆவணமாகத் திறந்து டிஃபாகச் சேமிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் கிரிட்டா ஜிம்பை விடக் கெட்டிக்காரி.

பழைய கோப்புகள்? சிடிஆர் கோப்பை இன்க்ஸ்கேப் திறக்கும். கோடும் வண்ணமும் ஓரளவு வரும், எழுத்து கலைந்துபோகும். பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரேஆஃபிஸ் டிரா திறக்கும், அதிலும் பக்க அமைப்பு ஓரளவுதான் தேறும். வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பைக் 'கர்வ் போட்ட பிடிஎஃப்' ஆகக் கேட்டு வாங்குவதுதான் நிம்மதி. இதற்காகவே பழைய விண்டோஸ் பெட்டி ஒன்றை இணையத் தொடர்பு இல்லாமல் மூலையில் வைத்திருக்கலாம்.

ஆல்பம் வேலை

12க்கு 36 அங்குல விரிப்பு, 300 டிபிஐ என்றால் 10800க்கு 3600 புள்ளிகள். 8 பிட்டில் ஒரு முழு அடுக்கு சுமார் 155 எம்பி, இருபது அடுக்கு என்றால் 3 ஜிபிக்கு மேல். இதே ஆவணம் 32 பிட்டில் இருந்தால் ஒரு அடுக்கே 620 எம்பியைத் தாண்டும், பெட்டி மூச்சுவிடாது. கேமராவின் ரா படத்தை, அதைத் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிள் வழியாக ஜிம்ப் திறக்கும்போது அது பெரும்பாலும் 32 பிட்டில்தான் வந்து நிற்கும். இமேஜ் மெனுவில் பிரிசிஷன் போய் 8 பிட்டாக்கிவிட்டு அடுக்க ஆரம்பியுங்கள். விருப்பங்களில் டைல் கேஷ் அளவை ராமில் பாதிக்கு மேல் ஏற்றிக்கொண்டால் வன்தட்டைத் தேய்ப்பது குறையும்.

கடையில் வாங்கிய பிஎஸ்டி வார்ப்புருக்கள்தான் உங்கள் ஆல்பத் தொழிலின் முதுகெலும்பு என்றால், வேண்டாம். கிளிப்பிங் மாஸ்க்குகளை ஜிம்ப் 2.10 மதிப்பதில்லை, அடுக்கு விளைவுகளை உதிர்த்துவிடும், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் தட்டையாகிவிடும். அவசரத்துக்கு உலாவியில் ஓடும் போட்டோபியா கை கொடுக்கும். அது கட்டற்ற மென்பொருள் இல்லை, விளம்பரம் வரும், ஆனால் பிஎஸ்டியை ஒழுங்காகப் படிக்கும். டார்க்டேபிள் நல்ல கருவி. லைட்ரூம் பழகியவர் முதல் வாரம் திணறுவார், அவ்வளவுதான்.

பேனா டேப்லெட்டில் வாகம் செருகியதும் ஓடும். ஹூயான், எக்ஸ்பி-பென் இரண்டும் லினக்ஸ் டிரைவர் தருகின்றன.

ஒலி

இந்த அமைப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. தாமதத்தைக் குறைக்கும் கர்னல் அமைப்பும், பயனருக்கு நிகழ்நேர முன்னுரிமையும் நிறுவும்போதே வந்துவிடுகின்றன. சாதாரண உபுண்டுவில் இவற்றைக் கையால் செய்ய வேண்டும். ஒலியைக் கையாள்வது பைப்வயர். முன்பு ஜாக், பல்ஸ் ஆடியோ என்ற இரண்டு ஒலி அமைப்புகளுக்கு இடையே நடந்த சண்டையை அது முடித்துவைத்தது. உலாவியில் ஓடும் பாட்டும் ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஓடும் பதிவும் ஒரே கார்டில் ஒன்றாகக் கேட்கும்.

ஆர்டர் 8.4 முழுதாகக் கிடைக்கிறது. அதன் சொந்தத் தளத்தில் தயார்ப் பதிப்புக்குக் காசு கேட்பார்கள், உபுண்டு களஞ்சியத்தில் இலவசம். எல்எஸ்பி, கால்ஃப், எக்ஸ்42, டிராகன்ஃபிளை ரிவெர்ப் என்று செருகுநிரல்கள் கூடவே வருகின்றன. இவற்றை வைத்தே ஒரு இசைத்தட்டை முடித்துவிடலாம். விண்டோஸுக்கான விஎஸ்டி செருகுநிரல்கள் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் யாப்ரிட்ஜ் வழியாக முயலலாம், டாங்கிள் பூட்டுப் போட்டவை பெரும்பாலும் அடம்பிடிக்கும்.

பரத அரங்கேற்றத்துக்குப் பதிவுசெய்யும் கூடங்கள் சிதம்பரம், கடலூர், புதுச்சேரி மூன்றுக்கும் வேண்டியவை. பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று தடம் மேல் தடமாக ஏற்றும்போது தாமதம்தான் எதிரி. 48000 ஹெர்ட்ஸில் பஃபர், அதாவது ஒரு சுற்றில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 1024 என்றால் ஒரு சுற்றுக்கு 21 மில்லிசெகண்டு, தாளக்காரருக்குத் தன் ஜதியே பின்னால் வருவது போலிருக்கும். 128 வைத்தால் 2.7 மில்லிசெகண்டு. உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்தாலும் காது கண்டுபிடிக்காது. ஆர்டரின் ஆடியோ அமைப்புப் பெட்டியில் லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சாவை நேரடியாகத் தேர்ந்து, கார்டைக் குறிப்பிட்டு, 128, யூஎஸ்பி கார்டு என்றால் பீரியட் 3 என்று வையுங்கள். அப்போது கார்டு ஆர்டருக்கே சொந்தம், வேறு நிரலில் சத்தம் வராது. பதிவு நேரத்தில் அதுவும் நல்லதுதான். கலவைக்கு உட்காரும்போது மறுபடி 1024-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ரசாபுக்கு மீட்டரை 7/8 என்று வைத்தால் கிளிக் ஒழுங்காக விழும். கிளிக் இல்லாமல் வாசித்ததைப் பிறகு வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால், ஆர்டர் 8-இல் வந்த டெம்போ மேப்பிங்கைப் பயன்படுத்தி, கட்டத்தை இழுத்து வாசிப்புக்குப் பொருத்தலாம். நம் இசைக்கு இதைவிட உபயோகமான வசதி சமீபத்தில் வரவில்லை. தவிலும் நாதஸ்வரமும் பதியும்போது 24 பிட் வைத்து, சராசரி அளவை மைனஸ் 18 டெசிபெல் பக்கம் நிறுத்துங்கள். தவிலின் வலந்தலை அடி ஒன்று எழும்பினால் மேலே இடம் வேண்டும்.

இடையில் டிக் டிக் என்று சத்தம் வந்து எக்ஸ்ரன் (ஒலி இடையில் அறுபட்ட) எண்ணிக்கை ஏறினால் முதலில் வைஃபையை அணையுங்கள், பிறகு பேட்டரி சின்னத்தில் பவர் ப்ரொஃபைலைப் 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். பெரும்பாலும் இந்த இரண்டிலேயே அடங்கும். சார்ஜரைக் கழற்றியதும் ஹம் சத்தம் நின்றால் அது மென்பொருள் கோளாறு இல்லை, பெரும்பாலும் கட்டடத்தின் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறைச் சவுண்ட் கார்டைப் புதிதாக வாங்கிச் செருகினால் பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவும் கூடவே தெரியும். 48வி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் அந்த நிலை விலகி, முழுச் சவுண்ட் கார்டாகிவிடும்.

வீடியோ

எடியஸில் கை பழகிய கல்யாண எடிட்டர்களுக்குக் கேடென்லைவ் மெதுவாகத் தெரியும். நிறத் திருத்தமும் டிரான்சிஷனும் ஏற ஏற ஓட்டம் தடுக்கும், அதனால் ப்ராக்ஸியை (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்களை) முதலிலேயே இயக்கிவிடுங்கள். இரண்டு கேமரா காட்சிகளை ஒலியை வைத்தே பொருத்தித் தரும் வசதியும், மல்டிகேம் கருவியும் உண்டு, தமிழ்த் தலைப்பு அழகாக வரும். மூன்று மணி நேர வீடியோவை ஒரே டைம்லைனில் அடுக்காமல் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் திடீர் முடக்கம் வந்தாலும் இழப்பு சிறிது.

'டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் லினக்ஸில் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. ஆனால் லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது, ஏஏசி ஒலியையும் ஏற்காது. கேமராவிலிருந்து வரும் எல்லாவற்றையும் டிஎன்எக்ஸ் என்ற எடிட்டிங் கோப்பு வகைக்கு மாற்ற வேண்டும். 1080பி, 25 ஃபிரேம், நொடிக்கு 120 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 54 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிளெண்டரில் ஜிபியூ கொண்டு ரெண்டர் செய்பவர்கள் களஞ்சியப் பதிப்பை விட்டுவிட்டு, பிளெண்டர் தளத்தில் கிடைக்கும் பதிப்பை இறக்கி, விரித்து, அப்படியே ஓட்டுவது நல்லது.

பிரிண்டர்

எப்சன் எல் வரிசை இங்க்டேங்க் பெட்டிகள் தொந்தரவில்லாமல் ஓடும். ஜெராக்ஸ் கடைகளின் பழைய தோழன் எச்பி லேசர்ஜெட் 1020, பார்த்ததும் அடையாளம் தெரிந்ததாகச் சொல்லும், ஆனால் தாள் வராது. அதற்குள் நிரந்தரமாக ஃபர்ம்வேர் கிடையாது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பின் கூடுதல் பிளகினைப் போட்டால் சரியாகும். கேனன் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் கவனம். அதன் கேப்ட் டிரைவர் பழையது, நிலையில்லாதது. ஒரு நாள் அடிக்கும், மறுநாள் வரிசையில் நின்றபடி முறைக்கும். அந்த ஒரு பிரிண்டருக்காக மல்லுக்கட்டுவதைவிட அதை விண்டோஸ் பெட்டியோடு விட்டுவிடலாம்.

உதவி வேண்டும் என்றால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் அமைப்பும், விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி குழுவும் கட்டற்ற மென்பொருளுக்காகவே இயங்குபவை. கேள்வியோடு போகும்போது பிரிண்டர், சவுண்ட் கார்டு ஆகியவற்றின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

நிறுவியபின் புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது பாதுகாப்புத் திருத்தங்களை உடனே ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த நீண்டகாலப் பதிப்புக்குத் தாவும் அழைப்பு, அந்தப் பதிப்பின் முதல் திருத்த வெளியீடு வந்தபிறகுதான் திரையில் தோன்றும். அது ஆவணி முகூர்த்த நேரத்தில் வந்து நின்றால் தள்ளிப்போடுங்கள், மார்கழியில் கல்யாண வேலை ஓய்ந்திருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.